தம்பெரே நாட்குறிப்பு: நாலு குடும்பத்துக்கு ஓர் அடுப்படி

வியாழன்: ஆலை

ஹெல்சிங்கியில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் தம்பெரே. சித்தி மகள் இங்கே சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கல். "ஹெல்சிங்கியில பார்க்க எவ்வளவோ இருக்குதுக்கா, இந்த மில்லு ஊரையே எதுக்குச் சுத்தோணுங்கறீங்க?" என்று வந்ததும் கேட்டாள். மில்லு ஊர் என்பதால்தான் வந்தேன். ஃபின்லாந்தின் மான்செஸ்டர் என்று தம்பெரேவைச் சொல்வார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அது சுருங்கி, செல்லமாக 'மான்செ'. நான் பிறந்து வளர்ந்த கோயம்புத்தூருக்கும் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர். ஆலைகளைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். ஆலையில் உழைத்தவர்கள் ஷிப்ட் முடிந்து எந்த வீட்டுக்குப் போனார்கள், அந்த வீடுகள் இன்று என்ன ஆயின என்பதைப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. இந்த ஊர் அந்த வீடுகளில் கொஞ்சத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஊரின் நடுவே தம்மெர்கோஸ்கி ஆறு ஓடுகிறது. வடக்கே நாசியார்வி ஏரி, தெற்கே பூஹாயார்வி ஏரி. வடக்கு ஏரியின் நீர்மட்டம் தெற்கு ஏரியைவிட 18 மீட்டர் உயரம். அந்த இறக்கத்தில் பாயும் தண்ணீர்தான் இந்த ஊருக்குச் சோறு போட்டது. ஸ்வீடன் அரசர் மூன்றாம் குஸ்தாவ் 1779-இல் இங்கே ஊரை நிறுவினார். பிறகு ஃபின்லாந்து ரஷ்யப் பேரரசின் கீழ் போனது. 1820-இல் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஃபின்லேசன் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து வந்து இந்த ஆற்றங்கரையில் தொழில் தொடங்கினார். 1836-இல் அவர் விற்றுவிட்டுப் போனாலும் பெயர் மட்டும் ஆலையோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டே ஆறு மாடி நூற்பாலை எழுந்தது. இன்றும் அது நிற்கிறது, கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் ஜன்னல் வரிசை எண்ணி மாளவில்லை.

பாலத்தைக் கடந்து ஆலை வளாகத்துக்குள் நுழைந்தபோது மாலை ஆகியிருந்தது. ஆனால் ஜூன் மாதத்தில் இங்கே இரவு பத்து மணிக்கும் வெயில் அடிக்கிறது. செங்கல் சுவர்களுக்கு நடுவே இப்போது உணவகங்கள், அலுவலகங்கள். 'ப்லெவ்னா' என்ற நெசவுக்கூடத்தில் இன்று சினிமா தியேட்டரும் பீர் வடிக்கும் உணவகமும் இருக்கின்றன. 1882 மார்ச் 15 அன்று அந்தக் கூடத்தில்தான் எடிசனின் மின்விளக்குகள் முதன்முதலில் எரிந்தன. நார்டிக் நாடுகளில் ஓர் ஆலைக்குள் எடிசன் விளக்கு எரிந்ததில் இது முந்தியது. குளிர்காலத்தில் பகல் சில மணி நேரமே உள்ள நாடு இது. விளக்கு வந்த பிறகு இருட்டு வேலையை நிறுத்தும் காரணமாக இல்லாமல் போயிற்று. நம் ஊரிலும் பைகாரா மின்சாரம் 1930களில் வந்த பிறகுதான் ஆலைகள் மளமளவென்று எழுந்தன. கரண்ட் வந்த கதையை முதலாளிகளின் வெற்றிக் கதையாகவே படித்திருக்கிறோம். அந்த வெளிச்சத்தில் கண் எரிய இழை ஒட்டியவர்களின் பக்கமிருந்தும் அது எழுதப்பட வேண்டும்.

ஃபின்லேசன் ஆலை ஊருக்குள் ஒரு தனி ஊராக இருந்தது. சொந்தமாகப் பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவலர்கள், 1879-இல் கட்டிய ஒரு செங்கல் தேவாலயம். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். பழைய காலத்தில் குழந்தைகளும் உண்டு. தேவாலயத்துக்குக் கொஞ்ச தூரத்திலேயே ஆலை முதலாளி நோட்பெக் குடும்பம் 1899-இல் கட்டிய மாளிகையும் பூங்காவும். மாளிகைக்கு வெளியே நின்று ஒரு படம்கூட எடுக்கத் தோன்றவில்லை.

வெர்ஸ்தாஸ் என்ற தொழிலாளர் அருங்காட்சியகம் வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது, நான் போனபோது நுழைவு இலவசம். சுல்சர் நிறுவனம் செய்த பிரம்மாண்டமான நீராவி எஞ்சின் ஒன்று, அன்று நிறுவிய இடத்திலேயே நிற்கிறது. அதன் சக்கரத்துக்கு முன்னால் மனிதர்கள் எறும்பாகத் தெரிகிறார்கள். எண்ணெய் போட்டு, துடைத்து, பித்தளைப் பாகங்களைப் பளபளவென்று வைத்திருக்கிறார்கள். இயந்திரத்துக்கு எல்லா ஊரிலும் இந்த மரியாதை கிடைத்துவிடுகிறது. அதை ஓட்டியவர்களின் படுக்கை, அடுப்பு, கழிப்பறைக்கு நாளைக்கு அமூரி.

வெள்ளி: அமூரி

காலையில் சந்தையில் கருப்பு சாசேஜ் சாப்பிட்டோம். பன்றி ரத்தமும் ரை தானியமும் சேர்த்துக் குடலில் அடைத்துச் சுட்டது, தொட்டுக்கொள்ளச் சிவப்பு லிங்கன்பெர்ரி ஜாம். இது தம்பெரேவின் பாட்டாளிச் சாப்பாடு. சூடாக நன்றாக இருந்தது. அங்கிருந்து மேற்கே நடந்தால் ஹாமேன்புய்ஸ்தோ வருகிறது. இருபுறமும் சாலை, நடுவில் மரங்கள் அடர்ந்த நீண்ட நடைபாதை. மக்கள் நாயோடு நடக்கிறார்கள், பெஞ்சில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். இவ்வளவு அகலமாக இதை விட்டதற்குக் காரணம் தீ. மேற்கே தொழிலாளர்களின் மரவீடுகள் எரிந்தால் நெருப்பு தாண்டிக் கிழக்கே நகரத்துக்குள் வந்துவிடக் கூடாது என்று விட்ட இடைவெளி. அது தெரிந்த பிறகு அந்த நிழலில் என்னால் வெறுமனே நடக்க முடியவில்லை. எந்தப் பக்கம் எரியலாம், எந்தப் பக்கம் எரியக் கூடாது என்று ஒரு நகரம் வரைபடத்தில் முடிவெடுத்திருக்கிறது.

அந்த மேற்குப் பக்கம்தான் அமூரி. 19-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆலைத் தொழிலாளர்களுக்கென்று வகுத்த குடியிருப்பு. இன்று தெருவில் நின்று பார்த்தால் கான்கிரீட் அடுக்குமாடிகள். 1960, 70களில் மரவீடுகளை ஏறக்குறைய முழுவதுமாக இடித்துவிட்டார்கள். ஒரு மூலையில் சில வீடுகளையும் அவற்றின் முற்றத்தையும் மட்டும் விட்டு, அருங்காட்சியகம் ஆக்கினார்கள். கோடையில் மட்டும் திறந்திருக்கும்.

கதவைத் தள்ளி முற்றத்துக்குள் போனதும் சத்தம் அடங்கிவிடுகிறது. நாலு பக்கமும் பலகை வேய்ந்த மரவீடுகள், பின்பக்கம் விறகுக் கொட்டகைகளும் கழிப்பறைகளும் வரிசையாக. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு விறகுக் கதவு. ஒரு ரொட்டிச் சூளை, ஒரு செருப்புக் கடை, ஒரு பொதுச் சவுனா (நீராவிக் குளியல் கூடம்) எல்லாம் இந்த வளாகத்துக்குள்ளேயே. அறைகளை ஒவ்வொன்றாக ஒவ்வொரு ஆண்டுக்கு அமைத்திருக்கிறார்கள். முதல் அறை 1882, கடைசி அறை 1973. வாசலில் அந்த அறையில் அந்த ஆண்டில் யார் குடியிருந்திருப்பார்கள், என்ன வேலை, எத்தனை பிள்ளை என்று ஒரு சிறு குறிப்பு. படித்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால், வீட்டுக்காரர்கள் ஷிப்டுக்குப் போன நேரத்தில் வந்துவிட்டோமோ என்று கூச்சமாக இருக்கிறது.

நான் அதிக நேரம் நின்றது சமையலறையில். இந்தத் தம்பெரே வீடுகளின் அமைப்பு இப்படி: நடுவில் ஒரு சமையலறை, அதைச் சுற்றி நாலு அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். சமையலறை நாலு பேருக்கும் பொது. பெரிய செங்கல் அடுப்பு ஒன்று. சுவரோரமாக ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மேஜை, ஒரு அலமாரி. மேஜைமேல் அவரவர் காபிப் பாத்திரம், அவரவர் மாவு டப்பா, அவரவர் கத்தி. ஒரு மேஜையின் விரிப்பு வெள்ளையாக, ஓரத்தில் பூத்தையல் போட்டுக் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கிறது. பக்கத்து மேஜையில் விரிப்பே இல்லை, பலகை தேய்ந்து நடுவில் குழி விழுந்திருக்கிறது. ஒரே அடுப்படியில் இருந்த வித்தியாசங்களை யாரோ மிகக் கவனமாகச் சிந்தித்து வைத்திருக்கிறார்கள்.

"எப்படிக்கா சண்டை போடாம சமைச்சிருப்பாங்க?" என்றாள் தங்கச்சி.

அங்கே உட்கார்ந்திருந்த வயதான பெண்மணியிடம் அவள் அதையே ஃபின்னிஷில் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார். அவருடைய அம்மா இப்படிப்பட்ட ஒரு வீட்டில்தான் பிறந்தாராம். சண்டை உண்டு, அடுப்பின் நல்ல மூலை யாருக்கு, இரவு சாம்பலை யார் அள்ளுவது என்று. ஆனால் ஒருத்தி இரவு ஷிப்டில் இருக்கும்போது அவள் குழந்தைக்குக் கஞ்சி ஊட்டியதும் அதே அடுப்பின் முன்னால்தான். குழந்தைகளுக்கு எந்தக் கதவு நம்முடையது என்பதே சில சமயம் மறந்துபோகும் என்று அம்மா சொல்வாராம்.

அறைகளுக்குள் கட்டில்தான் கண்ணை நிறுத்துகிறது. பகலில் குறுகலான மரச் சோபா, இரவில் பக்கவாட்டில் இழுத்தால் அகலமாகி இரண்டு மூன்று பேர் படுக்கலாம். தரையில் கந்தல் துணிகளைக் கிழித்து நெய்த கோடு கோடான விரிப்புகள். ஓர் அறையில் தையல் மெஷின், ஜன்னலோரம் தொட்டிச் செடி. தண்ணீரை முற்றத்திலிருந்து சுமந்து வர வேண்டும், அழுக்குத் தண்ணீரைத் திரும்பச் சுமந்து போய்க் கொட்ட வேண்டும். வெளியே மைனஸ் இருபதாக இருந்தாலும் கழிப்பறைக்கு முற்றத்தைக் கடக்க வேண்டும். அந்த ஓர் அறைக்குள்ளும் வாடகைச் சுமையைக் குறைக்க வெளியாள் ஒருவரைப் படுக்க வைத்துக்கொள்வது சகஜமாக இருந்தது.

1905, 1918, 1930கள் என்று ஆண்டு ஏற ஏறச் சாமான்கள் கூடுகின்றன. மின்விளக்கு, ரேடியோ, பிறகு பிளாஸ்டிக். அறையின் அளவு மட்டும் கூடவில்லை. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு வாக்கியம். கதவு கதவாக நடந்து பார்த்தால் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா, கோவையில் ஸ்பின்னிங்கில் சைடு பார்த்தவர், அதாவது நூற்பு இயந்திர வரிசையைக் கவனித்தவர். அம்மா பிறந்தது மில் லைன் வீட்டில். ஓர் அறை, ஒரு சின்னத் திண்ணை, லைனுக்கெல்லாம் பொதுவாக ஒரு குழாய். காலைச் சங்கு ஊதினால் லைன் முழுக்க எழுந்துகொள்ளும். கோவையின் முதல் பஞ்சாலை 1888-இல் தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலாகப் பல்லாயிரம் குடும்பங்கள் அந்தச் சங்குக்கு எழுந்திருக்கின்றன. ஆலைகள் மூடிய பின் எத்தனையோ லைன்கள் இருந்த இடம் தெரியாமல் போய், அங்கே அபார்ட்மெண்டும் மாலும் நிற்கின்றன. ஒரே ஒரு லைனை, குழாயோடும் துணி துவைக்கும் கல்லோடும் கழிப்பறை வரிசையோடும், அப்படியே விட்டு வைத்தால் என்ன கெட்டுவிடும்? பெரிய செலவில்லை, பெரிய நிலமும் வேண்டாம். அமூரி காட்டுவது அதைத்தான். இடித்தவர்களே கடைசி நேரத்தில் ஒரு முற்றத்தை விட்டு வைத்ததால்தான் இன்று அந்த மேஜை விரிப்பை நான் பார்க்க முடிந்தது.

ஆனால் ஒரு குறை எனக்கு உண்டு. இங்கே யாரும் குடியிருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ரொட்டி மெழுகு ரொட்டி. குடியிருப்பைக் குடியிருப்பாகவே காப்பாற்ற முடியாதா என்ற கேள்வியோடு வெளியே வந்தேன்.

சனி: பிஸ்பலா

அதற்கு விடை பிஸ்பலாவில் ஓரளவு இருக்கிறது.

பூனிக்கிக் காடு வழியாக நடந்தே போனோம். பனியுகம் முடிந்தபோது உருகிய பனியாறு கொட்டிவிட்டுப் போன ஜல்லியும் மணலும் சேர்ந்து எழுந்த நீண்ட மேடு இது. காட்டுக்குள் 1929-இல் சிவப்புக் கிரானைட்டில் கட்டிய காட்சிக் கோபுரம் இருக்கிறது. அதன் அடித்தளக் கடையின் டோனட் ஊர் முழுக்கப் பிரசித்தம். ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு மேட்டின் முதுகிலேயே மேற்கே நடந்தால் மரங்கள் விலகி, திடீரென்று வீடுகள். இடப்பக்கம் கீழே ஓர் ஏரி, வலப்பக்கம் கீழே இன்னோர் ஏரி, நடுவில் இந்த மெல்லிய மேடு, அதன் சரிவு முழுக்க மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் பூசிய மரவீடுகள். நேரான தெரு ஒன்றுகூட இல்லை. ஒரு வீட்டின் வாசல் இன்னொரு வீட்டின் கூரை மட்டத்தில் இருக்கிறது. தெரு முடியும் இடத்தில் படிக்கட்டு தொடங்குகிறது. படிக்கட்டு முடியும் இடத்தில் யாருடைய உருளைக்கிழங்குப் பாத்தியோ தொடங்குகிறது.

ஏன் இப்படி என்றால், பிஸ்பலா அப்போது தம்பெரேவைச் சேர்ந்ததே இல்லை. நகர எல்லைக்கு வெளியே, பிர்க்கலா பக்கத்துக் கிராமம். நகரத்துக்குள் வாடகை கட்டுப்படியாகாத ஆலைத் தொழிலாளர்கள் 1890களிலிருந்து இங்கே சிறு மனைகளைப் பிடித்துத் தாங்களே வீடு கட்டினார்கள். நகரத்தின் கட்டட விதிகள் இங்கே செல்லாது. வரைபடம் கிடையாது. கிடைத்த மரத்தை வைத்து முதலில் ஓர் அறை. பிள்ளை பிறந்தால் இன்னோர் அறை. கொஞ்சம் பணம் சேர்ந்தால் மேலே ஒரு மாடி, அதை வாடகைக்கு விட்டு வருமானம். பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஆலையில் நின்றுவிட்டு வந்து, மாலையில் சரிவில் பலகை சுமந்திருக்கிறார்கள். 1937-இல்தான் பிஸ்பலா தம்பெரேவோடு இணைந்தது. அதற்குள் மேடு முழுக்க வீடுகள் நிறைந்துவிட்டன.

ஒரு வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். முன்பக்கப் பலகைகள் குறுக்காக, பக்கவாட்டில் நெடுக்காக. மாடி ஜன்னல் கீழ் ஜன்னலைவிடப் புதிது, அளவும் வேறு. பின்னால் சேர்த்த ஒட்டு அறையின் கூரை இரண்டு முறை உயர்த்தப்பட்ட தடம் தெரிகிறது. நாலு தலைமுறைக் கை அந்தச் சுவரில் இருக்கிறது. பெயிண்ட் உரிந்த ஓரிடத்தில் மூன்று நிறம் தெரிந்தது. கட்டடக்கலை வரலாற்றில் இந்த வீடுகளுக்கு ஆசிரியர் பெயர் கிடையாது. ஆனால் நான் பார்த்த எந்த மாளிகையைவிடவும் இந்தச் சுவரில் அதிகமாகப் படிக்க இருக்கிறது.

இந்த மேட்டில் பிறந்தவர் கவிஞர் லௌரி வீட்டா (1916–1965), தச்சரின் மகன், அவரும் தச்சு வேலை செய்தவர். அவர் வளர்ந்த வீடு படிக்கட்டின் மேல்முனைக்குப் பக்கத்தில் நினைவில்லமாக இருக்கிறது. ஃபின்லாந்தின் மிகப் பெரிய நாவலாசிரியர்களில் ஒருவரான வைனோ லின்னாவும் ஃபின்லேசன் ஆலைத் தொழிலாளிதான். பகலில் வேலை, இரவில் எழுத்து. இந்த ஊர் தன் கதையை வெளியாள் வந்து எழுதக் காத்திருக்கவில்லை.

மேட்டின் உச்சியில் நின்றால் 1918-ஐப் பேசாமல் போக முடியாது. 1905 பொது வேலைநிறுத்தத்தின்போது தம்பெரே நகர மன்ற பால்கனியில் நின்று தொழிலாளர்களின் சிவப்புப் பிரகடனத்தை வாசித்தார்கள். மறு ஆண்டே ஃபின்லாந்துப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது, ஐரோப்பாவிலேயே முதலாவதாக. 1907 தேர்தலில் 19 பெண்கள் நாடாளுமன்றம் போனார்கள். அவர்களில் மீனா சில்லன்பா சிறுமியாக ஃபோர்சா ஊரின் பஞ்சாலையில் வேலை செய்தவர். 1926-இல் அவரே நாட்டின் முதல் பெண் அமைச்சர் ஆனார். இந்த வளர்ச்சிக்கு நடுவில்தான் 1918-இல் உள்நாட்டுப் போர் வந்தது. தம்பெரே தொழிலாளர் தரப்பான சிவப்புப் படையின் கோட்டை. தளபதி மன்னர்ஹெய்மின் வெள்ளைப் படை, அதாவது அரசுத் தரப்பு, மார்ச் கடைசியில் நகரைத் தாக்கி, ஏப்ரல் தொடக்கத்தில் தெருத் தெருவாகச் சண்டையிட்டது. கடைசியாக விழுந்தது இந்தப் பிஸ்பலா மேடுதான், ஏப்ரல் 6 அன்று. சிலர் உறைந்த பூஹாயார்வியின் மேல் நடந்து தப்பினார்கள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். இன்று அந்த ஏரியில் பாய்மரப் படகுகள். கீழே கை காட்டி அந்த வழியைத் தங்கச்சிக்குச் சொன்னேன். இத்தனை வருடம் இங்கே இருக்கிறாள், இது தெரியாது என்றாள். பள்ளியில் படிக்காத ஊரின் வரலாறு யாருக்கும் தானாக வந்து சேர்வதில்லை.

அமூரியை இடித்த அதே காலத்தில் பிஸ்பலாவுக்கும் ஆபத்து வந்தது. சரிவில் கான்கிரீட் அடுக்குமாடிகள் வர வேண்டும் என்பதே அன்றைய நாகரிகம். சில எழவும் செய்தன, இன்றும் மரவீடுகளுக்கு நடுவே துருத்திக்கொண்டு நிற்கின்றன. குடியிருந்தவர்கள் ஒன்று சேர்ந்து எதிர்த்தார்கள். 1970களின் முடிவில் நகரத் திட்டம் வீடுகளைக் காப்பாற்றும் பக்கம் திரும்பியது. இன்று பிஸ்பலா தேசிய முக்கியத்துவம் உள்ள கட்டட மரபுச் சூழல்களின் பட்டியலில் இருக்கிறது.

மாலையில் ராயாபோர்த்தி சவுனா. 1906-இல் நகர எல்லைச் சாவடிக்குப் பக்கத்தில் கட்டியது. ஃபின்லாந்தில் இன்றும் நடக்கும் பொதுச் சவுனாக்களில் இதுதான் மிகப் பழையது. சரிவில் இருந்த சின்ன வீடுகளில் குளிக்க வசதி ஏது? வாரம் ஒரு நாள் இங்கே வந்து உடம்பில் ஒட்டிய பஞ்சையும் எண்ணெயையும் கழுவிக்கொள்வார்கள். இதையும் இடிக்கும் பேச்சு வந்தது. ஊர்க்காரர்கள் சங்கம் அமைத்து 1989 முதல் தாங்களே நடத்துகிறார்கள். பெண்களுக்குத் தனிப் பக்கம். உடையெல்லாம் களைந்துதான் போக வேண்டும் என்று தங்கச்சி முன்பே சொல்லியிருந்தாள். உள்ளே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. இருட்டு, மரப்படி, கற்களை ஏற்றிய பெரிய விறகடுப்பு. மேல்படியில் இருந்த ஒரு பாட்டி எல்லோரையும் ஒரு பார்வை பார்த்து, தண்ணீர் விடட்டுமா என்று கேட்டார். எல்லோரும் தலையாட்டிய பிறகுதான் நீளக் கரண்டியால் ஊற்றினார். சூடு கூரையில் மோதி முதுகில் மெதுவாக இறங்குகிறது. நான் திணறுவதைப் பார்த்து அவரே கீழ்ப்படியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

வெளியே வந்தால் சாலையோர முற்றத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் காற்று வாங்குகிறார்கள். பேராசிரியர், பஸ் டிரைவர், ஓய்வுபெற்ற தறிக்காரி என்று பக்கத்தில் இருந்தவர்களைத் தங்கச்சி விசாரித்துச் சொன்னாள். ஆலை போய்விட்டது, ஆலைக்காரர்களின் வெள்ளி சனிக் குளியல் போகவில்லை. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைக்க முடியாத ஒன்றை இவர்கள் விறகு வெட்டிப் போட்டு எரித்துக் காப்பாற்றுகிறார்கள். காப்பாற்றுவது என்றால் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாதி உண்மைதான் ஆகும். பிஸ்பலாவில் இன்று வீடு வாங்க ஒரு தொழிலாளியால் முடியாது. இரண்டு ஏரி தெரியும் ஜன்னலுக்குத் தம்பெரேவிலேயே மிக உயர்ந்த விலைகளில் ஒன்று. முற்றத்தில் பேசிய தறிக்காரி, தன் மகன் கீழே தூரத்தில் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருப்பதாகச் சொன்னார். அவருடைய தாத்தா கட்டிய வீடு மேட்டில் இருந்தது. விற்றாயிற்று. சட்டம் பலகையைக் காப்பாற்றும். அதற்குள் யார் இருக்கலாம் என்பதை விலை முடிவு செய்துவிடுகிறது. வீடுகளைக் காக்கும் திட்டத்தோடு, குறைந்த வாடகையில் சில வீடுகளை நகராட்சியே வைத்திருக்கும் ஏற்பாடும் தொடக்கத்திலிருந்தே வேண்டும். நம் ஊரில் யாராவது ஒரு நாள் ஒரு லைனைக் காப்பாற்ற முன்வந்தால் இதையும் சேர்த்தே யோசிக்கச் சொல்வேன்.

ஞாயிறு: புறப்பாடு

காலையில் கலேவன்கங்காஸ் கல்லறைத் தோட்டம் போனோம். 1918-இல் இறந்த சிவப்புப் படையினரைப் புதைத்த பெருங்குழியும் நினைவுச் சின்னமும் அங்கே இருக்கின்றன. வெள்ளைப் படையினரின் கல்லறைகளும் அதே தோட்டத்தில். இரண்டிலும் பூ இருந்தது. அதிகம் பேச ஒன்றும் இல்லை, நின்றுவிட்டு வந்தோம்.

ரயிலில் ஏறியதும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். அமூரி சமையலறைப் படங்களை முதல்நாளே அனுப்பியிருந்தேன்.

"ஏனுங்ம்மா, நம்ம லைன்லயும் அடுப்பு பொதுவாவா இருந்துச்சு?"

"அடுப்பு எங்க கண்ணு பொதுவா இருந்துச்சு? அவங்கவங்க வீட்டுக்குள்ள விறகடுப்புத்தான். பொதுவுக்கு இருந்தது கொழாயும் கக்கூஸும். கொழாய்க்குக் கொடம் வரிசையில நிக்கும், ஆளு நிக்காது. உங்க அம்மிச்சி கொடத்துக்குக் கழுத்துல சேப்புத் துணி கட்டி வெச்சிருப்பாங்க, அடையாளத்துக்கு."

"எத்தனை வீடும்மா ஒரு கொழாய்க்கு?"

விரல் மடக்கி எண்ண ஆரம்பித்தார். முதல் வீட்டில் வைண்டிங் வேலைக்குப் போன அத்தை, அடுத்த வீட்டில் கார்டிங் மேஸ்திரி, அதற்கடுத்து பாலக்காட்டுக்காரர்கள், ஏழாவது வீட்டில் எப்போதும் பூட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள், பிள்ளைகள், திண்ணையில் என்ன இருந்தது என்று வந்துகொண்டே இருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்து லைனை வரைய ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது வீட்டுக்கு வந்தபோது, "இரு, கொழாயை நீ எங்க போட்டிருக்கே? காட்டு" என்றார். நோட்டை கேமரா முன்னால் காட்டினேன். "அங்க இல்ல கண்ணு, வேப்ப மரத்துக்கு இந்தண்டை. அழிச்சுப் போடு."